துவரும் காவியும்

திருவண்ணாமலைக்குத் திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிச்செய்த திருப்பதிகங்கள் இரண்டு. முதல் திருமுறையில் 10ஆவதாகவும் 69ஆவதாகவும் அவை அமைந்துள்ளன. முன்னையதன் பத்தாந் திருப்பாட்டிலே, வேர்வையும் புழுதியும் உடம்பிற் படிய வெயிலில் நின்று உழல்வார் ஒருசாராரும், மார்பை மூடச் சீவரம் போர்த்து வருவார் மற்றொரு சாராரும் கூறப்படுகின்றனர். முன்னையோர் சமணர், பின்னையோர் பௌத்தர். சீவரம் என்பது பௌத்த பிக்குகள் போர்க்கும் ஆடைக்கு அவர்தம் நூல்களில் வழங்கும் பெயர். இவர்களையே சுவாமிகள் பிற பதிகங்களின் பத்தாந் திருப்பாட்டுக்களிற் பலவிடத்தும் துவராடையர் என்று குறித்தருளுகின்றனர்.

துவராடை என்பதற்குக் காவியாடை என்று பொருள் கூறிச் செல்லுதல் இன்று பெருவழக்கு. அகராதிகளும் குறிப்புரைகளும் பெரும்பாலும் அவ்வாறே உரைக்கின்றன. இப்பொருளைக் கொண்டு திருவண்ணாமலையில் நின்று அப்பதிகத்தை ஓதுவார்க்கு ஓர் ஐயம் எழாமலிராது. கிரிவலப் பாதை நெடுகிலும் காவியுடுத்த துறவிகள் அமர்ந்துள்ளனர். திருவண்ணாமலை ஆதீனம் என்னும் பெயரோடு குன்றக்குடியில் விளங்கும் திருமடத்தின் தலைவர்களும், ஏனைச் சைவ ஆதீனங்களின் தலைவர்களும் அணிவது காவியே. துவராடை என்பது காவியாடையே ஆயின், சுவாமிகள் புறச்சமயத்தார்க்கு அடையாளமாக எடுத்தோதிய உடையைச் சைவத் துறவிகள் மேற்கொண்டது எவ்வாறு? அடையாளம் ஒன்றே எனின் அது அடையாளமாதல் யாங்ஙனம்? இவ்வையத்தை நீக்குதற்குத் துவர், காவி என்னும் இரு சொற்களின் வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும். அவை இரண்டும் முதற்கண் வேறு வேறு பொருளையும் வேறு வேறு தொழிலையும் குறித்தன என்பதும், பின்னரே ஒன்றாக மயங்கின என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

துவர் என்னுஞ் சொல்

துவர் என்பது தமிழிற் சுவையையும் நிறத்தையும் ஒருங்கே குறிக்குஞ் சொல். அறுசுவையுள் ஒன்று துவர்ப்பு. துவரிதழ், துவர்வாய் என்னும் வழக்குக்களில் அச்சொல் செந்நிறத்தைக் குறிக்கின்றது. பவளத்திற்கும் அது பெயராயிற்று. துவரை என்னும் பயற்றின் பெயரையும் இச்சொல்லோடு இயைத்துக் கூறுவாருளர். நாவால் அறியப்படுஞ் சுவைக்கும் கண்ணால் அறியப்படும் நிறத்திற்கும் ஒரு சொல்லே பெயராயது என்னை என்று வினவின், அச்சொல் முதலிற் குறித்த பொருளை நோக்குதல் வேண்டும்.

அப்பொருள் இன்னதென்பதைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டுகின்றது. கடலாடு காதையில் மாதவி தன் கூந்தலை நறுநீரால் ஆட்டியதைக் கூறுமிடத்து, அந்நீர் பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறியது என்று இளங்கோவடிகள் உரைக்கின்றார். அப்பத்துத் துவர்களையும் அடியார்க்கு நல்லார் தம் உரையில் எண்ணிக் காட்டுகின்றார். அவை பூவந்தி, திரிபலை எனப்படும் கடுக்காய் நெல்லிக்காய் தான்றிக்காய் என்னும் மூன்று, கருங்காலி, நாவல், நாற்பால் மரங்களாகிய ஆல் அரசு அத்தி இத்தி என்பன. சிலப்பதிகாரமும் அவ்வுரையும் 1892இல் உ. வே. சாமிநாதையரவர்களால் அச்சிடப்பெற்ற பின்னர் இப்பட்டியல் யாவர்க்கும் எளிதிற் கிட்டுவதாயிற்று.

இப்பட்டியலை உற்று நோக்குக. இதன்கண் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. யாவும் மரஞ்செடிகளின் பட்டையும் காயுமே. இவற்றை வாயிலிட்டால் நாக்குச் சுருங்கும். நீரிலிட்டுக் காய்ச்சினால் நீர் பழுப்பும் சிவப்புமாக நிறங்கொள்ளும். அந்நீரில் துணியைத் தோய்த்தால் நிறம் துணியிற் பற்றும். தோலை ஊறவைத்தால் தோல் பதப்படும். தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கையாளுவது இதுபற்றியே. நாக்கைச் சுருக்குவதும், நீரைச் சிவப்பிப்பதும், துணியைப் பற்றுவதும், தோலைப் பதப்படுத்துவதும் ஆகிய இத்தொழில்களெல்லாம் அப்பட்டைகளினுள் அடங்கிய ஒரே சத்தின் செயல்கள் என்பது இக்கால வேதியியலார் கண்ட உண்மை. அவ்வுண்மையை வேதியியல் தோன்றுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே தமிழர் தம் கைப்பழக்கத்தால் அறிந்து, அச்சத்திற்கு ஒரு பெயரிட்டனர். அப்பெயரே துவர். சுவையும் நிறமும் அதன் இரு பயன்கள். ஆகலின் துவர் என்பது வெறும் நிறப்பெயர் அன்று. மரத்தினின்றும் வடித்த சாறும், அதனாற் பெறப்படும் நிறமும், அதன் சுவையும் ஆகிய மூன்றையும் அடக்கிய தொழிற்சொல் என்க.

துவராடை ஆமாறு

இனிப் பௌத்தர் தம் ஆடைக்கு நிறமேற்றிய முறை அவர்தம் விநயபிடகத்திலேயே விரிவாகக் கூறப்பட்டுள்ளது. மகாவக்கத்தின் எட்டாம் பகுதி சீவரத்தைப்பற்றியது. பிக்குகள் தொடக்கத்திற் சாணத்தாலும் மஞ்சள்மண்ணாலும் தம் ஆடைக்கு நிறமூட்டினர் என்றும், அவ்வாடைகள் நிறங்கெட்டுத் தோன்றின என்றும், அதனால் ஆறுவகைச் சாயங்கள் அவர்க்கு உடன்படப்பட்டன என்றும் அப்பகுதி கூறுகின்றது. அவ்வாறாவன வேர்ச்சாயம், அடிமரச் சாயம், பட்டைச் சாயம், இலைச் சாயம், பூச்சாயம், காய்ச்சாயம் என்பன. மண் விலக்கப்பட்டது; மரஞ்செடிகளின் ஆறுறுப்புக்களே கொள்ளப்பட்டன. சாயத்தைக் காய்ச்சவேண்டும் என்பதும், அது வெந்த பதத்தை ஒரு துளியை நீரிலேனும் நகத்தின்மீதேனும் விட்டு அறியவேண்டும் என்பதும், தோய்த்த ஆடையைக் கொடியிலிட்டுச் சாயம் ஒருபுறமே வழிந்து தேங்காதவாறு மாற்றி மாற்றித் திருப்பவேண்டும் என்பதும் ஆங்குச் சொல்லப்படுகின்றன. சாயத் தொழிலை நேரிற் கண்டு பழகினார்க்கன்றி இத்துணை நுட்பங்கள் தோன்றா.

முழுநீலம், முழுமஞ்சள், முழுச்சிவப்பு முதலிய பகட்டான நிறங்கள் பிக்குகளுக்கு விலக்கப்பட்டன என்பதும் அப்பகுதியாலேயே அறியப்படும். ஆகவே சீவரத்தின் நிறம் பட்டைகளைக் காய்ச்சிய நீரால் வரும் மங்கிய செம்பழுப்பு. தமிழிலே அதற்கேற்ற சொல் துவர் என்பதே, வேறில்லை. சுவாமிகளின் தேவாரத்தில் இவ்வாடையைக் கடுவோடு சேர்த்துக் கூறும் இடமும் உண்டு. கடு என்றது கடுக்காயை. கடுக்காய் பத்துத் துவருள் ஒன்றாதலை மேலே கண்டோம். எனவே 7ஆம் நூற்றாண்டிலே துவராடை என்று கேட்ட தமிழர், கடுக்காயும் மரப்பட்டையும் கொண்டு துவரேற்றிய ஆடையையே கருதினர் என்பது பெறப்படும். அது காவிக்கல்லிற் றோய்த்த ஆடை அன்று.

காவி என்னுஞ் சொல்

காவி என்னுஞ் சொல்லுக்குப் பொருள் பல. கருங்குவளைக்கும் அது பெயர். மகளிர் கண்ணுக்கு உவமையாகத் தேவாரத்திற் காவி வரும் இடங்களில் மலரையே கொள்ளல் வேண்டும். திருத்தணிகையைக் காவிமலை என்று வழங்குவதும் அம்மலர் பற்றியே. நாம் ஈண்டு ஆராய்வது காவிக்கல்லைக் குறிக்குஞ் சொல்லை.

காவிக்கல் என்பது இரும்பின் துருவை ஒத்த பொருள் களிமண்ணோடு கலந்து இறுகிய செங்கல் போன்ற கனிப்பொருள். வடமொழியில் இதற்குக் கைரிகம் என்று பெயர். கிரி என்பதினின்று பிறந்தமையால் மலையில் தோன்றியது என்பது அப்பெயரின் பொருள். இதனைக் கல்லில் இழைத்து நீரிற் கலக்கி அந்நீரிலே துணியைத் தோய்த்து எடுப்பர். காய்ச்சுதலும் வடித்தலும் ஊறவைத்தலும் ஈண்டு வேண்டா. துவர் நூலிழையினுள் ஊடுருவிப் பற்றுவது. காவியோ இழையின்மேற் படிவது. ஆதலின் துவைக்குந்தோறும் காவி சிறிது சிறிதாகக் கழியும். மீண்டும் மீண்டும் தோய்த்தல் வேண்டும். திருக்கோயில் மதில்களில் வெண்சுண்ணப் பட்டையோடு மாறிமாறிப் பூசப்படுவதும், நல்ல நாட்களில் வாயிற்கோலத்தைச் சூழ இடப்படுவதும் இக்காவியே. மதிலுக்கும் தரைக்கும் பூசப்படும் பொருள் ஆடைக்கும் ஆயிற்று. துவரால் மதில் பூசுதல் இயலாது என்பதொன்றே இரண்டன் வேற்றுமையையும் காட்டப் போதும்.

இவ்வேற்றுமையைச் சங்கநூல் தெளிவாகக் காட்டுகின்றது. முல்லைப்பாட்டிலே பாசறையை வருணிக்கும் நப்பூதனார், வீரர் தம் விற்களை ஊன்றிய நிலைக்கு ஓர் உவமை கூறுகின்றார். தவவொழுக்கமுடைய அந்தணன் ஒருவன் தன் முக்கோலை ஊன்றி வைத்த நிலையே அவ்வுவமை. அவ்வந்தணன் தன் ஆடையைக் கல்லில் தோய்த்து உடுத்தவன் என்று அவர் அடைகொடுக்கின்றார். அக்கல் காவிக்கல் என்பது நச்சினார்க்கினியர் உரை. பத்துப்பாட்டு அவ்வுரையுடன் முதன்முறையாக 1889இல் வெளிவந்தது. புலவர் ஈண்டுத் துவர் என்னாது கல் என்றமை நோக்கற்பாலது. முக்கோல் ஏந்திய வைதிகத் துறவியின் ஆடைக்குக் கல்லும், பௌத்த பிக்குவின் ஆடைக்குத் துவரும் என இருவகையும் தமிழ்நாட்டார் கண்ணுக்கு வெவ்வேறாகவே தோன்றின.

இது தமிழ்நாட்டு வழக்கு மாத்திரம் அன்று. சமண நூல்கள் துறவிகளை ஐவகையாகப் பகுத்துக் கூறும். நிகண்டர், சாக்கியர், தாபதர், கைரிகர், ஆசீவகர் என்பன அவ்வைந்து. இவற்றுட் சாக்கியர் ஆவார் பௌத்தர். கைரிகர் ஆவார் காவிக்கல் தோய்ந்த ஆடையுடுத்த பரிவிராசகர். காவியுடுத்தல் பற்றியே ஒரு கூட்டத்தார்க்குப் பெயரிட்டமையால், சாக்கியர் உடுத்தது அதனின் வேறாயது என்பது தானே போதரும். புறச்சமயத்தாராகிய சமணர் இருதிறத்தாரையும் உடையாலேயே பிரித்தறிந்தனர் எனின், அவ்வேற்றுமை கண்கூடாக இருந்ததென்பதில் ஐயமில்லை.

இரண்டும் மயங்கியவாறு

அற்றேல் இவை ஒன்றாய் மயங்கியது எவ்வாறு எனின், அதற்கு முதற்காரணம் வடமொழியிலுள்ள காஷாயம் என்னுஞ் சொல். கஷாயம் என்பது துவர்ப்புச் சுவைக்குப் பெயர். மரப்பட்டைகளைக் காய்ச்சி வடித்த நீருக்கும் பெயர். மருத்துவர் தரும் கஷாயம் இன்றும் அப்பொருளில் வழங்குகின்றது. அந்நீரால் வரும் செம்பழுப்பு நிறத்திற்கும் அதுவே பெயராயிற்று. தமிழிலே துவர் சுவையும் சாறும் நிறமும் குறித்தமைபோலவே வடமொழியிற் கஷாயமும் குறித்தது. இரு மொழியினரும் ஒரே தொழிலைக் கண்டு ஒரே நெறியிற் பொருள் வளர்த்தனர். கஷாயத்தில் தோய்த்தது காஷாயம். அச்சொல் நாளடைவில் துறவாடை என்னும் பொதுப்பொருளை எய்தியது. அப்பொழுது காவிக்கல்லில் தோய்த்த ஆடையும் காஷாயம் எனப்பட்டது. காஷாயம் துவராடையும் ஆயிற்று, காவியாடையும் ஆயிற்று; எனவே துவராடையும் காவியாடையும் ஒன்றே என்று பிற்காலத்தார் கொண்டனர்.

மற்றொரு காரணம், தமிழ்நாட்டிற் பௌத்தம் மறைந்தமை. துவராடை உடுத்தாரைக் கண்ணாற் காணாத காலத்தில், கண்முன் காணப்படும் காவியாடையைக்கொண்டே அச்சொல்லுக்குப் பொருள் கூறல் இயல்பாயிற்று. மூன்றாவது காரணம் சாயத் தொழிலின் மாறுதல். பழைய சாயத்தொழிலாளர் துணியை முதலிற் கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் இட்டு, இம்பூறல் எனப்படும் சாயவேரின் நீரிற் காய்ச்சிச் சிவப்பேற்றுவர். சோழமண்டலக் கரையிலிருந்து பல நாடுகளுக்கும் சென்ற சிவப்புத் துணிகள் இம்முறையால் ஆயவை. சாயவேர் முதலியவற்றில் அடங்கிய செஞ்சாயப் பொருளை 1868இல் செருமானிய வேதியியலார் கிரேபே, லீபர்மன் என்னும் இருவர் வேர் இன்றியே செய்யும் வழியைக் கண்டனர். அதன்பின் வேரும் பட்டையும் கொண்டு செய்த தொழில் அருகியது. தொழில் அருகவே தொழிற்சொல்லும் பொருள் சுருங்கிற்று. இன்று பேச்சுவழக்கில் துவர்ப்பு என்றால் சுவையே. நிறம் என்று கருதுவார் இல்லை. காவியென்று இன்று கடைகளில் விற்கும் வேட்டிகளிற் பல காவிக்கல்லையும் அறியா, துவரையும் அறியா. இரசாயனச் சாயத்தால் ஆயவை. நிறமாத்திரையே எஞ்சியது.

இம்மயக்கம் ஆங்கிலத்தின் வாயிலாக மேலும் ஒருபடி வளர்ந்தது. ஆங்கிலத்தில் துறவாடையின் நிறத்தைக் குங்குமப்பூவின் பெயரால் வழங்குவர். 1947 சூலை 22இல் அரசியல் நிருணய சபை ஏற்றுக்கொண்ட தேசியக் கொடியின் மேற்பட்டை நிறமும் அப்பெயராலேயே அங்குக் குறிக்கப்பட்டது. அதனைத் தமிழர் காவி என்று மொழிபெயர்த்து வழங்குகின்றனர். மலையிற் பிறந்த கல்லும், காட்டிற் பிறந்த பட்டையும், காசுமீரத்திற் பிறந்த பூவும் ஒரு பெயருள் அடங்கிவிட்டன. உலக வழக்கில் இதனாற் குறையொன்றும் இல்லை. பழைய நூலுக்குப் பொருள் காணுமிடத்தே இது பெரியதொரு பிழைக்கு இடமாகின்றது.

கஷாயம் என்னும் உட்பகை

இனி இச்சொல் தத்துவ நூல்களிற் பெற்ற பொருளை ஆராய்வாம். கஷாயம் என்பது உள்ளத்தைப் பற்றிய மாசு என்னும் பொருளிலும் பண்டே வழங்கிற்று. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாய இறுதியில், கஷாயம் தேய்க்கப்பெற்ற நாரதருக்குச் சனற்குமாரர் இருளின் அக்கரையைக் காட்டினார் என்று கூறப்படுகின்றது. இதற்கு உரை செய்த சங்கராசாரியர், மரத்தின் துவர்நீர் துணியை நிறப்படுத்துமாறு போல விருப்பு வெறுப்பு முதலிய குற்றங்கள் உள்ளத்தை நிறப்படுத்தலின் கஷாயம் எனப்பட்டன என்றும், ஞானமும் வைராக்கியமும் பயிலுதலாகிய காரத்தால் அது கழுவப்படும் என்றும் விளக்குகின்றார். மரத்தின் துவர் என்று அவர் விதந்தோதினமையால், கஷாயம் என்பதன் முதற்பொருள் காவிக்கல் அன்று என்பது மீண்டும் வலியுறுகின்றது.

பௌத்தரின் தம்மபதம் தன் முதல் வருக்கத்திலேயே இச்சொல்லின் இருபொருளையும் எதிரெதிர் நிறுத்துகின்றது. உள்ளக் கஷாயம் நீங்காதவன் காஷாயம் போர்த்தற்குத் தகுதியுடையன் அல்லன் என்பது அங்குள்ள கருத்து. எனவே துவராடையை மாத்திரம் நம்பி நிற்போரைக் கண்டித்தல் பௌத்தர்க்கே உடன்பாடு.

சமணர் இப்பொருளை இன்னும் நுட்பமாக வளர்த்தனர். வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் நான்கையும் அவர் கஷாயம் என்பர். தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரை வகுத்த பூச்சியபாதர், ஆல் முதலியவற்றின் துவர் பற்றுதற்கு ஏதுவாதல் போல வெகுளி முதலியன உயிரில் வினை பற்றுதற்கு ஏதுவாதலின் கஷாயம் எனப்பட்டன என்கின்றார். அடியார்க்கு நல்லார் எண்ணிய பத்துத் துவருள் ஆலும் ஒன்று என்பதை நினைவு கூர்க. சாயக்காரன் துணியை முதலிற் கடுக்காய் நீரில் ஊறவைப்பது பின்னர் ஏற்றுஞ் சாயம் நின்று பற்றுதற்பொருட்டு. அத்துவர் இல்வழிச் சாயம் கழுவ நீங்கிவிடும். அவ்வாறே கஷாயம் இல்வழி வினை வந்து ஒட்டாது ஒழியும். சாயச்சாலையில் நின்று கண்ட உவமை இது.

சித்தாந்தத்தின் விடை

சைவசித்தாந்தமும் இச்சாய உவமையைத் தன் சொல்லினுள்ளே பொதிந்து வைத்துள்ளது. வித்தியாதத்துவங்கள் ஏழனுள் ஒன்று அராகம். நிறமூட்டுதல் என்னும் பொருளுடைய வடமொழி முதனிலையிற் பிறந்தது அச்சொல். உயிரின் இச்சையைப் போகத்தின்மேற் செலுத்துவது அதன் தொழில். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்று சித்தாந்தம் கூறும். பொருளின்மேல் வேட்கை கொள்ளுங்கால் உயிர் அப்பொருளின் நிறத்தை ஏற்கின்றது. இவ்வளவில் மூன்று மதத்தாரும் ஒரே துறையில் துணி தோய்த்தனர் எனலாம்.

சித்தாந்தம் ஆங்கு நில்லாது மேலும் ஒரு வினாவை எழுப்புகின்றது. துணியிற் சாயம் ஏறுவதற்கு முன் அதன் நிலை யாது? சமணர் கூறுமாறு கஷாயமே பற்றுதற்கு ஏது எனின், அக்கஷாயம் உயிரைப் பற்றுதற்கு ஏது யாது? தூய உயிரில் அது பற்றிற்று எனின், வீடுற்ற உயிரையும் மீளப் பற்றும் என்னுங் குற்றம் வந்து சேரும். ஆதலின் ஏறிய நிறத்திற்கு முன்னே ஏறாத அழுக்கொன்று உண்டு எனல் வேண்டும். அதுவே ஆணவம். செம்பிற் களிம்புபோல உயிருடன் அநாதியே உள்ளமையின் அது சகசமலம் எனப்படும். மாயையும் கன்மமும் வந்தேறியன ஆகலின் ஆகந்துகம் எனப்படும். அராகம் மாயையின் காரியம். ஆகவே அது வந்தேறிய நிறம். இயற்கையழுக்கையும் ஏறிய நிறத்தையும் வேறுபிரித்து உணர்ந்ததே சித்தாந்தத்தின் சிறப்பு.

வந்தேறிய நிறம் ஏன் ஏற்றப்பட்டது என்பதற்கு அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரின் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்திலே விடை தருகின்றார். உடலும் கரணமும் தாமே மலமாயிருக்க, அவற்றைக்கொண்டு இறைவன் மலங்கழுவுவது எவ்வாறு என்ற தடைக்கு அவர் காட்டும் உவமை வண்ணானுடையது. அழுக்குத் துணியின்மேல் வண்ணான் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றுகின்றான். பார்ப்பார்க்குத் துணி முன்னினும் அழுக்கேறியதாகத் தோன்றும். அவன் கருதியதோ ஏற்றிய அழுக்கோடு பழைய அழுக்கும் ஒருங்கே கழிதலை. பூச்சியபாதர் சாயக்காரனைக் காட்டினார். அருணந்தியார் வண்ணானைக் காட்டினார். துணி ஒன்றே, தொழிலும் நோக்கமும் வேறு. வெண்மையை நோக்கமாகக் கொண்ட ஒருவன் ஆங்கு உளன் என்பதே இரண்டாம் உவமையால் விளங்கும் பொருள்.

முடிபு

இனித் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு விடை கூறுதும். சுவாமிகள் துவராடையர் என்றது மரத்துவர் ஏற்றிய சீவரம் போர்த்த பிக்குகளை. காவிக்கல்லில் தோய்த்த ஆடை அவர் காலத்திற்கு முன்பே வைதிகத் துறவிகட்கு உரியதாய்த் தமிழ்நாட்டில் இருந்தது. ஆகவே சைவத் துறவிகள் பிற்காலத்து அணிந்த காவி, சுவாமிகள் சுட்டிய துவர் அன்று. துவராடை என்பதற்குக் காவியாடை எனப் பொருளெழுதுதல் ஆசிரியர் கருத்துக்கு மாறாம். மரத்துவர் ஏற்றிய ஆடை என்றோ, பட்டைச்சாயம் ஏற்றிய சீவரம் என்றோ எழுதுதலே தக்கது. தேவாரத்திற்குப் புதிய பதிப்புக்களும் குறிப்புரைகளும் ஆக்குவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இவ்விடை ஓர் எல்லையளவே செல்லும் என்பதையும் கூறுதல் கடமை. துவர் அவர்க்குரியது, காவி நமக்குரியது என்று வரையறுத்து அமைதிகொள்வார்க்கு அப்பதிகமே இடந்தாராது. அண்ணாமலைப் பதிகங்கள் இரண்டிலும் சுவாமிகள் கொள்ளற்க என்று விலக்கியது பிறருடைய உரையையும் சொல்லையுமே, ஆடையை அன்று. முதற்பதிகத்தில் ஆடை அவரை இன்னார் என்று காட்டுதற்கு வந்த அடையாளம். விலக்கியது கொள்கையாயின், கொள்வதும் கொள்கையே ஆதல் வேண்டும். உடை அதற்கு ஈடாகாது. திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தில், குன்றிமணியின் புறம்போலச் செம்மையராய்த் தோன்றினும் அதன் மூக்குப்போல அகம் கரியார் உலகில் உளர் என்று 277ஆங் குறளில் உரைத்தார். அச்செம்மை துவராலாயது என்றோ காவியாலாயது என்றோ அவர் பிரித்திலர். அகத்துக் கருமை நீங்காதவழி இரண்டும் ஒன்றே.

திருவண்ணாமலைக்கு அருணாசலம் என்பதும் பெயர். அருணம் செந்நிறம், அசலம் மலை. அழலுருவாய் நின்ற இறைவனின் நிறமே அம்மலையின் பெயராயிற்று என்பர். அச்செம்மை யாரும் ஏற்றியதன்று, கழுவ நீங்குவதுமன்று. அம்மலையடிக்கு 1896 செப்டம்பர் 1இல் வந்து, 1950 ஏப்ரல் 14இல் உடல் நீங்குமளவும் ஆங்கே உறைந்த ரமண மகரிஷிகள் காவி உடுத்தாரல்லர். வெண்கோவணம் ஒன்றே அவர்தம் உடை. காவி உடுத்த ஞானியர் பலரும் அம்மலைச் சாரலில் வாழ்ந்தனர். ஏற்றிய நிறத்தில் அவரிடையே வேற்றுமை உண்டு; கழுவப்பெற்ற அழுக்கில் வேற்றுமை இல்லை. துவர் என்னும் பழஞ்சொல்லின் பொருளை ஆராயப் புகுந்தார்க்கு அச்சொல்லே இறுதியில் இதனை அறிவுறுத்துகின்றது.